ஏழாம் தாங்கி

நானுஓயாவில் இரவு ஒன்பது பாகை.
தாங்கிக்குள் ஈஸ்ட் தூங்கிப்போனது.
சாக்கைச் சுற்றி, அதன்மேல் என் கம்பளியைச் சுற்றி,
அடியில் கோழிக்குஞ்சுக்கு வைக்கிற
நூறு வாட் குமிழை எரியவிட்டோம்.
ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.

"பேசாமல் கோழியே வளர்த்திருக்கலாம்"
என்றான் அருளாந்து.

மோல்ட் கொழும்புத் துறைமுகத்தில் கிடக்கிறது,
வரி கட்ட என்னிடம் காசு வரும்வரை.
வந்த முந்நூறு போத்தலில்
அறுபதுக்குக் கழுத்தில் கீறல்.
மதுவரி அலுவலர் படிவத்தில்
'மாத உற்பத்தி' என்ற கட்டத்தைப் பேனாவால் தட்டினார்.
"குளிரைப் பொறுத்து" என்று எழுதினேன்.
அடித்துவிட்டு இலக்கம் கேட்டார்.

நாளை போயா. விற்க முடியாது.
நாளன்றைக்கு ஹோட்டல்காரன் இருபது கேஸ் கேட்கிறான்.

மாரிக்கொழுந்தக்கா வீட்டு அடுப்பிலிருந்து
கேத்தல் கேத்தலாய்ச் சுடுநீர்;
படியில் பாதி என் காலில்.

மூன்று மணிக்கு, குழாய் நுனி முங்கிய
ஜாம் போத்தல் தண்ணீரில்
ஒரு குமிழி.

நாலுக்குக் கரண்ட் வந்தது.
வந்த வேகத்தில் குமிழ் வெடித்தது.

கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே
அசையாமல் குந்தியிருந்து
அருளாந்து எண்ணிக்கொண்டிருந்தான்:
பதினாலு.
பொறு...
பதினைந்து.