தகடு

வினிபெக், ஒக்டோபர் இருபது.
வெளியில் பூச்சியம்.
பேஸ்மென்ற் கூரையை ஒட்டி
மூன்று அங்குலக் குழாய்கள்,
கண்ணுக்குத் தெரியாத சரிவில், மேல்நோக்கி.

இந்த வீட்டைக் கட்டிய நாளில் பம்ப் இல்லை.
நிலக்கரி எரிந்தது, சூடான நீர்
தன்பாட்டில் ஏறியது,
ஆறியதும் தன்பாட்டில் இறங்கியது.
ஒருவரும் தள்ளவில்லை.
பிறகு யாரோ பம்ப் பூட்டினார்கள்.
அன்றிலிருந்து மாடிக்குக் குளிர்.

மாடியில் குகதாசன் இருக்கிறான்.
மார்ச்சிலிருந்து.
கடன் இருவர் பெயரிலும்.
இப்போது விற்றால் இருவருக்கும் நட்டம் என்று
வங்கிக்காரி படம் கீறிக் காட்டினாள்.
ஆகவே அவன் மேலே, நான் கீழே,
சமையலறை ஆறு மணிவரை எனக்கு.

ஒரெஸ்ட் வந்து பார்த்தான்:
புதுக் கிளை எடுக்கவேண்டும், நாலாயிரம்.
நான் இரண்டு றெஞ்ச் வாங்கினேன்.

வடித்த தண்ணீர் மைபோல் கறுப்பு.
அவன் வேலைக்குப் போயிருந்தான்.
கட்டிலில் மூன்று கம்பளி,
தலையணையில் ஒரு குளிர்த்தொப்பி.
பார்க்காததுபோல் ரேடியேற்றரடியில் மண்டியிட்டேன்.

யூனியனுக்கு நூறு வருஷப் பிடிவாதம்.
ஒரு றெஞ்ச் பிடிக்க, மற்றது திருக.
பிடிக்க ஆளில்லை,
முழங்காலால் அமத்தினேன்.
கிரீச்சிட்டு விட்டது.
உள்ளே ஒரு தகடு,
இரண்டு டொலர்க் குற்றியளவு,
நடுவில் சுண்டுவிரல் நுழையாத ஓட்டை.

சூடு மேலேதான் ஓடும் என்று
அன்று ஒருத்தன்
மாடிக்கு வாசலைச் சுருக்கியிருக்கிறான்,
கீழே இருப்பவர்கள் விறைக்கக்கூடாதென்று.
அவன் கணக்கில் பிழையில்லை.
பம்ப் வந்தபோது
ஒருவரும் அதைக் கழற்றவில்லை,
அவ்வளவுதான்.

இரவு எட்டு. பொயிலர் மூண்டுவிட்டது.
படியடியில் நின்று கத்தினேன்:
"காத்தைத் திறந்துவிடும்!"
ஏழு மாதத்தில்
பில்லைப் பற்றி அல்லாத முதற் பேச்சு.
மேலே நீளமாய் ஒரு உஸ்ஸ்,
பிறகு துப்பல்.
"தண்ணி வந்திட்டுது."
"சுடுதோ?"
"பொறும்."

பொறுத்தேன்.
படியோரக் குழாயில் உள்ளங்கை வைத்தேன்.
முதலில் இரும்பு. கனநேரம் வெறும் இரும்பு.
பிறகு, ஏதோ கடந்துபோனது,
என்னைத் தாண்டி, மேலே.

"ஓம்" என்றான்.
"சரி" என்றேன்.
சமையலறை லைட்டை அணைத்தேன்.

தகட்டை
ஆடுகிற மேசைக்கு முண்டு வைத்திருக்கிறேன்.
தடிப்புக் காணாது.
இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.