பதினோரு கிராம்

பதினான்கு அங்குலத் திரை, மினுக்கம் கிடையாது.
பதினாறு ஜிபி நினைவகம்.
ஐம்பத்தேழு வாட்-மணி பேட்டரி,
பத்து மணிநேரம் தாங்கும் என்கிறது தாள்;
யாருடைய பத்து மணிநேரம் என்று சொல்லவில்லை.
எடை: ஒன்று புள்ளி நான்கு ஒன்று கிலோ.

டார்ட்டு நகரின் ஓரத்துக் கிடங்கில்
குத்தகை முடிந்து திரும்பியவை நானூறு மடிக்கணினிகள்.
மார்யு ஒவ்வொன்றையும் தராசில் வைக்கிறாள்.
யாரும் கேட்டுக்கொண்டதில்லை; பழக்கம்.
இருநூற்றுப் பதினேழாவது
பதினோரு கிராம் கூடுதல்.

"குளிரில் தராசு பொய் சொல்லும்" என்கிறான் கால்யு,
அதன்மேலேயே காப்பிக் கோப்பையை வைக்கிறவன்.

இயக்கிப் பார்த்தாள்.
விசிறி கரகரத்தது.
தொண்ணூற்று நான்கு டிகிரி.
அப்புறம் அந்த வாசனை.
கிடங்குக்கே ஒரு கணம் பசித்தது.

எட்டுத் திருகாணி, அடிமூடி,
வெப்பக்குழாயை ஒட்டிச் செம்பழுப்பாய்,
சுண்டுவிரல் நீளத்துக்கு
ரொட்டி ஓடு.

குத்தகைச் சீட்டைப் புரட்டினாள்:
பேக்கரி, மாவறைக்கு அடுத்த மேசை, இரவுக் கணக்கு.
மூன்று வருடம்
ரை மாவு காற்றோடு காற்றாய் உள்ளே போய்
வரவுக்கும் செலவுக்கும் நடுவே
மெல்ல வெந்திருக்கிறது.
எந்தத் தாளிலும் இல்லாத வசதி.

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
திரவம், அடி, தூசி.
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டுத்
தூசியில் குறியிட்டாள்.
விலையில் எட்டு யூரோ குறைந்தது.
எடைக்கட்டத்தில்
தாள் சொன்னதையே எழுதினாள்.

கடித்துப் பார்த்தது கால்யுதான்.
உப்பு போதவில்லை என்றான்.