மூன்றாம் பெட்டி, டோம்போஸ் தாண்டி

மூன்றாம் பெட்டி அமைதிப் பெட்டி.
கதவில், உதட்டின் மேல் விரல் வைத்த ஒரு முகம்.
பத்தொன்பது வருடமாக
அந்த விரலுக்குக் காவல் நான்.
டிக்கெட் பார்ப்பதெல்லாம்
இடையில் செய்கிற வேலை.

டோம்போஸ் தாண்டியதும்
பதினேழாம் இருக்கைக்காரர் மூடியைத் திறந்தார்.
கப் நூடுல்ஸ்.
ஆவி கண்ணாடியில் ஏறி
வெளியிலிருந்த மலையை அழித்தது.
பிறகு அந்தச் சத்தம்,
சர்ர்ர்ரென்று நீண்டு,
ஒரு நொடி நின்று,
மறுபடி முதலிலிருந்து.
குளியல் தொட்டியின் கடைசித் தண்ணீர்
துளைக்குள் இறங்குமே, அப்படி.

எட்டுத் தலைகளில் ஒன்றும் திரும்பவில்லை.
எங்கள் ஊரில் கோபம் வந்தால்
யாரும் திரும்ப மாட்டார்கள்,
இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எதிர் இருக்கை ராங்ஃப்ரிட் ஓஸ்மோ அம்மாள்
கைப்பையை மூன்று முறை திறந்து மூடினார்.
அதுதான் அவர் போடும் கூச்சல்.
பிறகு எழுந்து வந்து என் காதோடு சொன்னார்:
"சாப்பிடட்டும். வேண்டாமென்றா சொன்னேன்?
ஆனால் அவர் வாய்க்குள்
நான் ஏன் உட்கார்ந்து வர வேண்டும்?"

போனேன். குனிந்தேன்.
டிக்கெட்டில் பெயர், குனிஹிகோ இவாசே.
மேல்தட்டில் கருவிப்பெட்டி.
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவராம்;
மயிரிழை விலகினாலும் காது சொல்லிவிடுமாம்.
"சத்தமில்லாமல் சாப்பிட்டால்
சமைத்தவர் மனம் கஷ்டப்படும்" என்றார், சிரித்தபடி.
சமைத்தது வெந்நீர்தானே என்று
நான் சொல்லவில்லை.
அறிவிப்புப் பலகையை ஒருமுறை படித்துப் பார்த்தேன்.
பேச்சு உண்டு, போன் உண்டு,
நூடுல்ஸ் இல்லை.

அதற்குள் ஓஸ்மோ அம்மாள், மனதை ஆற்றிக்கொள்ள,
மொறுமொறு ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து
கடித்தார்.
நறுக்.
உறைந்த ஏரியில் யாரோ கால் வைத்தது போல.
யாருக்கும் அது கேட்கவில்லை,
எங்கள் வீட்டுச் சத்தம் ஆயிற்றே.
ஆவி மூக்கில் ஏறியிருக்க வேண்டும்,
கைக்குட்டையை எடுத்து
கப்பல் துறைமுகம் சேர்வது போல ஒருமுறை
சிந்தினார்.

இவாசே குச்சிகளை வைத்துவிட்டார்.
காது மடல் சிவந்துவிட்டது.
கழிவறைக்குப் போகிற சாக்கில் வந்து
என்னிடம் மெதுவாகக் கேட்டார்:
"அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது..?"

பலகையில் மூக்கும் இல்லை.

நான் தீர்ப்புச் சொல்ல லாயக்கில்லாதவன்.
நான் உருளைக்கிழங்கு மெல்வதை
பதினோரு வருடம் பொறுத்தாள் ஒட்ஹில்ட்.
பன்னிரண்டாவது வருடம் தட்டோடு
பக்கத்து அறைக்குப் போனாள்.
பிறகு பக்கத்து ஊருக்கு.
என் அப்பா சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்து
காப்பியைச் சாஸரிலிருந்து உறிஞ்சியவர்தான்,
தெருவே உறிஞ்சிய காலம் அது.
எப்போது நிறுத்தினோம், யார் சொல்லி?

சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றது.
சூடேற்றும் விசிறியும் நின்றது.
அப்படியொரு அமைதி
இந்தப் பெட்டிக்கே பழக்கமில்லை.
இவாசேயின் நூடுல்ஸ்
பாதி உள்ளே, பாதி வெளியே.
அவர் இழுக்கவில்லை.
கண்ணை மட்டும் உயர்த்தி,
தாடையில் சூடு சொட்ட,
ஒரு நிமிடம். இரண்டு.

ஓஸ்மோ அம்மாள் அவரைப் பார்க்கவில்லை.
ரொட்டி சுற்றிய காகிதத்தை எடுத்தார்,
மடிக்கத் தொடங்கினார்.
கசங்கக் கசங்க, பிரித்து, மறுபடி மடித்து,
இவ்வளவு சின்னக் காகிதத்தில் இவ்வளவு சத்தம்.
அதன் மறைவில்
சர்ர்ரென்று உள்ளே போயிற்று மிச்சம்.
வேண்டுமென்றே செய்தாரா தெரியாது.
நான் கேட்கவில்லை.

ரயில் கிளம்பியதும் என் அறைக்குப் போய்
கதவைச் சாத்திக்கொண்டு
ஆப்பிளைக் கடித்தேன்.
கடித்த வாயோடு நின்றேன்.
இதுவா,
ஒட்ஹில்ட்?