இலக்கம் 1004

மல்லாவி நெற்கொள்வனவுச் சங்கத்தில்
ஒரு கணினி, ஐந்து பேர்.
மாதம் ஒருமுறை கிளிநொச்சியிலிருந்து வருகிறேன்
மாங்குளம் சந்தியில் தேத்தண்ணி குடித்து
வலப்பக்கம் திரும்பி
செம்மண் அப்பிய மோட்டார் சைக்கிளில்.

உள்ளே கேர்னல் இருக்கு, அதுதான் எல்லாத்தையும் பிரிச்சு வைக்குது என்றேன்.
காவலாளி பரஞ்சோதி நிமிர்ந்து பார்த்தார்:
"கேணலோ? எந்தக் கேணல்?"
ஒரு கணம் இரண்டு பேருமே பேசவில்லை.
பிறகு சிரித்தோம்,
கொஞ்சம் கூடுதலாகவே.

காசாளரின் கூட்டல்
களஞ்சியக்காரரின் கழித்தலைத் தொடாது.
முழு இயந்திரமும் தனக்கே என்று
ஒவ்வொரு கணக்கும் நம்பிக்கொண்டிருக்கும்.
ஓர் எழுத்தைத் தாளில் அடிப்பதென்றாலும்
கீழே இறங்கிக் கேட்க வேண்டும்.
கேட்டால் கேர்னல்
முகம் பார்க்காது, ஊர் கேட்காது,
ஆருடைய பிள்ளை என்று விசாரிக்காது.
இலக்கம் மட்டும்.
ஓமந்தையில் என்னை இப்படிக் கேட்டிருந்தால்
சுருக்காய்ப் போயிருப்பேனே என்று நினைத்ததுண்டு.
இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

தலைவர் கேட்டார்:
"எனக்கும் எல்லாம் தெரியிற மாதிரிப் போட்டுவிடும் தம்பி."
எல்லாம் தெரிந்த கணக்கு ஒன்றுதான் ஐயா,
அதன் இலக்கம் பூச்சியம்.
"ஆர் அது?"
நான் விசைப்பலகையின் தூசியை ஊதினேன்.

தவச்செல்வி அக்கா மார்கழியில் வேலையை விட்டார்.
அன்றைக்கே கணக்கை அழித்தேன். விதி அப்படி.
பெயர் போனது. கோப்புகள் போகவில்லை.
உரிமையாளர் என்ற இடத்தில் நான்கு எண்கள்: 1004.
திரை அதைப் பிழையென்று சொல்லவில்லை.

தையில் நிலாவிழி வந்தாள்.
புதுக் கணக்குத் திறந்தேன்.
கடைசியாய் வெறுமையான இலக்கத்தை
இயந்திரம் தானே எடுத்துக் கொடுத்தது.
நான் பார்க்கவில்லை.
பார்க்கிறதுதான் என் வேலை.

அறுவடை நெருக்கத்தில் தொலைபேசி:
"அண்ணை, இது என்ர இல்லை.
ஆனா எனக்குத் திறக்குது."

மனு 1. மனு 2. மனு 23 வரைக்கும்.
எல்லாமே மாலை ஐந்துக்குப் பிறகு சேமித்தவை,
யோகபுரத்துக் கடைசி பஸ் வருமுன்.
மூன்றாவதில் "கையளித்தேன்."
பதினேழாவதில் "கையளிக்கப்பட்டார்."
சாரத்தின் நிறம் ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை,
பிறகு நிறமே எழுதவில்லை.
முதலாவதில் மகனின் வயது பத்தொன்பது.
கடைசியிலும் பத்தொன்பது.

ஒருநாள் அவர் கேட்டது நினைவு வந்தது:
"வேற ஆரும் திறக்கேலாதுதானே?"
ஏலாது அக்கா என்றேன்.
அவருக்கு மட்டும் என்று பூட்டியும் கொடுத்தேன்.
பூச்சியத்துக்குப் பூட்டு இல்லை என்பதைச்
சொல்லாமல் விட்டேன்.

நிலாவிழிக்கு 1005 கொடுத்தேன்.
1004 இனி எவருக்கும் போகாதபடி
ஒரு வரி எழுதினேன்.
அவள் வேறொன்றும் கேட்கவில்லை,
திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு
தராசடிக்குப் போனாள்.

யோகபுரம். படலையடியில் நின்றபடி
பென்டிரைவை நீட்டினேன்.
ஈரக் கையைச் சேலையில் துடைத்து வாங்கினார்.
"வாசிச்சனியோ தம்பி?"
ஓம் என்றேன். ஒருமுறையாவது.
கோபப்படுவார் என்று நின்றேன்.
"இருபத்தோராவதில ஒரு எழுத்துப் பிழை.
பிறகுதான் பிடிபட்டுது. நீ கண்டனியோ?"

காணவில்லை என்றேன்.
வாயிலிருந்து போன பிறகுதான்
அந்தச் சொல் எனக்குக் கேட்டது.