ஒன்பதாவது வரிசை

அவர்களுக்கு அது வெளிநாடு.
எனக்கு ஒத்தக்கடையில் ஏறி மேலூரில் மாறினால்
டிக்கெட் கேட்காத டவுன் பஸ்.

ஏழு பேர், ஆறு வாரம்,
கருவேலம்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றுச்சுவர்.
என் வேலை
இரண்டு பக்கமும் பேசுவது.
நாளுக்கு நானூறு, மத்தியானச் சோறு.

முதல் சாயங்காலமே
தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்த கொத்தனார் சோணை
ஒரு சொல் சொன்னார்.
கீரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டான்,
என்ன சொல்கிறார்?
முதல் தடவைக்குப் பரவாயில்லையாம் என்றேன்.

அவர்கள் வேன் வளைவு திரும்பியதும்
சோணை வேட்டியை மடித்துக் கட்டுவார்.
ஈரம் இழுக்காத வரிசையை
ஒவ்வொரு கல்லாக உருவுவார்,
கலவையை வழித்துச் சட்டியில் போடுவார்,
நூல் பிடித்து மறுபடி வைப்பார்.
கடைசி பஸ் வரும்வரை
செல்போன் வெளிச்சம் காட்டியது நான்தான்.
கல் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

காலையில்
நேற்றுக் கோணியிருந்த சுவர் நிமிர்ந்து நிற்கும்.
ஐனோ அதை நான்கு பக்கமும் நின்று போட்டோ எடுப்பாள்.
சிமெண்ட் காயும்போது நேராகிவிடுமோ என்று
ஒருநாள் கேட்டாள்.
எங்கள் ஊர் வெயில் அப்படி என்றேன்.

சோயூன் மட்டும் எதுவும் கேட்கவில்லை.
அவள் உள்ளங்கைக் கொப்புளத்தில்
சத்துணவு சமைக்கிற பேச்சியக்கா
தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே திட்டினாள்:
"எவ பெத்த பிள்ளையோ,
இங்க வந்து கல்லுச் சுமக்குது."
அவள் அப்படிப் பார்த்ததால்
உன் அம்மாவை விசாரிக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.
அதற்கே சோயூன் அழுதாள்.
அதைப் பார்த்துப் பேச்சியக்காவும்.
இடையில் நான்,
சம்பளம் வாங்குகிற வாய்.

ஒன்பதாவது வரிசை வைத்த அன்று
நல்ல மழை.
தார்ப்பாயைப் போர்த்திவிட்டுக் கிளம்பினோம்.
மறுநாள் சாயங்காலம் சோணை அதைத் தடவிப் பார்த்தார்,
நடுவில் வயிறு தள்ளியிருந்தது.
இறுகிப்போச்சா அண்ணே என்றேன்.
"இடிச்சா வந்துரும்" என்றார்.
பீடியைப் பற்றவைத்தார்.
"கெடக்கட்டும்.
என்னைக்காவது வந்து பாத்தா
அவுகளுக்கு அடையாளம் தெரியணும்ல."

நேற்று ராத்திரி மாட்டுத்தாவணி.
ஆம்னி பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்க
"சென்னை, சென்னை" என்று ஒருவன் எங்களையே சுற்றினான்.
தியாகோவின் பை ஜிப் பிய்ந்து
சைக்கிள் ட்யூபால் கட்டியிருந்தது.
பருத்திப்பால் தம்ளர்களை வைக்க இடமில்லாமல்
கையிலேயே வைத்திருந்தோம்.
கட்டிப்பிடிக்கும்போது
எல்லார் முதுகிலும் கொஞ்சம் சிந்தியது.

சோயூன் என்னைத் தூணுக்கு அப்பால் இழுத்தாள்.
என் அப்பா பூசானில் கொத்தனார் என்றாள்.
ராத்திரிக் கலவைக்கு வேறு நிறம் என்றாள்.
இரண்டாம் நாளே தெரியும்,
யாரிடமும் சொல்லவில்லை என்றாள்.
ஆறு வாரமாக ஒரே பொய்யை
ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு
நடந்திருக்கிறோம்.

ஒன்பதாவதை ஏன் விட்டார் என்று கேட்டாள்.
சோணை சொன்னதை
ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.
பீடியைக்கூட விடவில்லை.

படியில் நின்றபடி ஆறு பேரும்
நான் பழக்கியதைக் கத்தினார்கள்,
"போயிட்டு வர்றோம்! போயிட்டு வர்றோம்!"
ஐனோ இரண்டு தடவை.
டிக்கெட் விலை தெரிந்தவள் நான்,
தலையாட்டினேன்.

கடைசியாக ஏறிய சோயூன்
கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.
"போறேன்" என்றாள்.

அப்படிச் சொல்லக்கூடாது,
வர்றேன்னு முடிக்கணும்.
நாக்கு நுனிவரை வந்தது.
இறுகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒத்தக்கடை பஸ்ஸில் சோணை கூப்பிட்டார்.
"ஏறிட்டாகளா?"
ஏறிட்டாங்க.
"அந்தக் கொரியாப் புள்ள?"
ஏறிடுச்சு.
அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை,
வைக்கவும் இல்லை.