பதினேழாம் இலக்கம்

பல் வைத்தியரின் கிளினிக்கில்
பதினாறுக்குப் பிறகு பதினெட்டு.
சித்திரை வருசத்திலிருந்தே அப்படித்தான் என்கிறாள்
வரவேற்பு மேசை ஜெயவதனி.
பதினேழைக் கொண்டுபோனவருக்கு
வழியிலேயே வலி நின்றிருக்கும் போல.

நான் சுவருக்கு வந்தவன்.
உள்துறைமுக வீதி, இரண்டாம் மாடி,
ஜிப்சம் பலகையால் மறித்த அறை.
தட்டினால் வெறும் பெட்டிச் சத்தம்.
கடதாசிச் சுவர் என்று சிரிப்பார்கள் ஊரில்.
தோஹாவில் ஆறு வருடம்
இந்தக் கடதாசியால்தான்
மாடி மாடியாக அறை பிரித்தேன்.
ஒன்றிலும் ஒரு இரவு படுத்ததில்லை.

கதவுக் கைபிடியின் உயரத்தில் ஓட்டை,
பாதித் தேங்காய் அளவு.
எனக்கு முன் மூன்று பேர் அடைத்திருக்கிறார்கள்:
ஒருவர் பட்டி, ஒருவர் சீமெந்து,
ஒருவர் நாட்காட்டி.
அதிலும் கைபிடி குத்தி
மார்ச் மாதத்தின் நடுவில் கிழிந்திருந்தது.

கதவை முழுக்கத் திறந்து பார்த்தேன்.
கைபிடி நேரே போய் ஓட்டைக்குள் அமர்ந்தது,
சொந்த வீட்டுக்குப் போவது போல.
இதைப் பாராமல்தான் மூன்று பேரும்
கூலி வாங்கிப் போயிருக்கிறார்கள்.
ஆகவே முதல் வேலை சுவரில் இல்லை.
தரையில் ஒரு கறுப்பு ரப்பர்க் கட்டை,
ஒரு திருகாணி.

பிறகு வெட்டினேன்.
"ஐயோ, பெருப்பிக்கிறீங்களே!"
பெருப்பித்தால்தான் மூடும்.
நொறுங்கின விளிம்பு எதையும் பிடிக்காது;
உறுதியான இடம் வரும்வரை வெட்டிச்
சதுரமாக்கினேன்.

கையைத் தோள்வரை விட்டேன்.
உள்ளே குறுக்குத் தகட்டில் தங்கியிருந்தன
ஒரு டொபித் தாள்,
நிலாவெளி பஸ் டிக்கெட்,
பேனை மூடி,
ஐந்து ரூபாய்க் குற்றி இரண்டு,
பஞ்சில் சுற்றிய ஒரு பால்பல்.
கடைசியில் ஒரு மஞ்சள் மட்டை: 17.

ஜெயவதனி அதை வாங்கித் துடைத்தாள்.
"எத்தினை பேரைக் கள்ளன் எண்டு நினைச்சன்."

பயந்த பிள்ளை ஒன்று
தன் முறை வராதிருக்கத்
தன் இலக்கத்தைச் சுவருக்குக் கொடுத்திருக்கிறது.
பல், வேறு பிள்ளையாக இருக்கும்.
அல்லது அதே பிள்ளை,
தோற்றுத் திரும்பி வந்து.
கூரையில் எறிந்து அணிலிடம் கேட்க வேண்டியதை
இங்கே போட்டிருக்கிறது.
குற்றிகளை மேசையில் வைத்தேன்.
பல்லை இருந்த இடத்திலேயே விட்டேன்.

பின்னால் இரண்டு மரச்சட்டம்,
சதுரத்துக்குச் சதுரம் புதுப் பலகை,
மூட்டுக்கு வலை நாடா,
முதல் பூச்சு கையகலம்.
கச்சான் வீசுகிற மாதம்;
மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்,
அவசரப்பட்டால் வெடிக்கும்.
யன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தினேன்.
வீங்கிய கன்னங்கள் வரிசையாக என்னை முறைத்தன.

இரண்டாம் நாள் ஒரு முழம்.
மூன்றாம் நாள் இன்னும் அகலம், இன்னும் மெலிசு.
பொய்யும் இப்படித்தான்:
உள்ளங்கையளவு ஒன்றை மறைக்க
எவ்வளவு தூரம் நீவிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

அரத்தாள் தேய்த்த தூளில் டொக்டர் தும்மினார்.
டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன்.
நேரே விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் மன்னிக்கும்,
பக்கத்தால் வருவது மன்னிக்காது.
பின்னேரம் நாலு மணிக்குத்
துறைமுகத் தண்ணீரில் பட்டெழும் வெயில்
இந்தச் சுவரில் பக்கத்தால்தான் விழும்.
இரண்டு இடத்தில் மேடு. மறுபடி தேய்த்தேன்.

பூசின இடத்துக்கு மட்டும் நிறம் அடித்தால்
பொட்டு வைத்தது போலத் தெரியும்.
அடிப்பூச்சு காய்ந்தபின்
மூலையிலிருந்து மூலைவரை
முழுச் சுவருக்கும் அடித்தேன், இளநீர் நிறம்.
டொக்டர் பெயின்ற் கணக்கை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

நாலு மணி.
ஜெயவதனி கையால் தடவித் தேடினாள்.
"எந்த இடம்?"
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

மேசைக்குப் போனாள்.
"பதினேழு."
குரலில் சின்னக் கூச்சம்.
தாடையைப் பொத்திக்கொண்டு ஒரு மீன் வியாபாரி எழுந்து
சுவரை ஒருதரமும் பாராமல் போனார்.
கதவு அகலத் திறந்து
ரப்பரில் முட்டி
நின்றது.