நாலாயிரத்துக் குமிழ்

கல்முனை ஆசுப்பத்திரியில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள்.
சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள்.
உயர்த்தினாள், உயர்த்தினாள்,
மறுகா
சும்மா இருந்தாள்.

தாளில் கோடு பள்ளத்தில் விழுந்த இடத்தை
மிஸ் பேனையால் தொட்டா: நாலாயிரம்.
எனக்குத் தெரியும் அந்த இலக்கம்.
மிக்சரில் இடமிருந்து ஐந்தாவது குமிழ்.
உடுக்கு துலங்கட்டும் என்று
பதினாறு வருசம் நான் திருகி ஏற்றியது.

செட்டிபாளையத்துச் சடங்கில்
பெட்டியில் முதுகு சாய்த்து உறங்குவாள் லதுஷிகா.
"சவுண்ட்காரன்ர புள்ள, பழகிட்டு" என்பேன்,
பார்க்கிறவர்களிடம், பெருமையாக.

இந்த வைகாசி
பெட்டிகளை வாவிப் பக்கம் திருப்பினேன்.
முப்பது முழத்தில் கயிறு கட்டினேன்,
கயிறு தாண்டிய பொடியன்களை நானே துரத்தினேன்.
தலைவர் வந்தார்:
"என்ன, மெசின் பழுதா?"
"மெசின் நல்லம்" என்றேன்.
கூலியில் இரண்டாயிரம் குறைத்தார்.

குளிர்த்தி முடிந்து
ஜெனரேட்டரை நிறுத்திய கையோடு
கண்டல் பற்றை முழுக்கச் சில்வண்டு,
ஒரே இரைச்சல்.
அவள் என் சட்டையை இழுத்து,
"எல்லாம் ஓய்ஞ்சிட்டு, என்னப்பா?" என்றாள்.

வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
ஓம் என்று
தலையை மட்டும் ஆட்டினேன்.